கடல் மேல் ஒரு கண்

அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகும்போது, "கொஞ்சம் ஒரு கண் வைத்துக்கொள்" என்று வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுத்தானே போகிறீர்கள்? அந்த ஒரு கண்ணையே தொண்டாக ஏற்றுக்கொண்டவர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். அவர்கள் கண் வைப்பது கடலின் மேல்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் என்று ஒரு ஜில்லா. அதில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது லிசர்ட் முனை. (பெயரைக் கேட்டதும் பல்லி ஞாபகம் வருகிறதல்லவா? பல்லிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதே பலர் கருத்து.) பாறைகள் நிறைந்த பொல்லாத கடல் அது. அங்கே பாஸ் பாயிண்ட் என்ற இடத்தில், குன்றின் மேல், கடலோரக் காவல் இலாகாவின் சிறு கண்காணிப்புக் குடில் ஒன்று இருந்தது. ரேடியோ வந்தாயிற்று, செயற்கைக்கோள் வந்தாயிற்று, இனி ஜன்னல் வழியே கடலைப் பார்க்க ஆள் எதற்கு என்று சிக்கனம் பேசி, இப்படிப்பட்ட குடில்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தார்கள். பாஸ் பாயிண்டும் மூடப்பட்டது. சில காலத்துக்குள், 1994-ல், அதன் அருகிலேயே இரண்டு மீனவர்கள் கடலில் மாண்டுபோனார்கள்.

ஜன்னலில் ஆள் இருந்திருந்தால்? ஊராரை அந்தக் கேள்வி தூங்கவிடவில்லை. அதே வருஷம் டிசம்பரில் குடிலை மறுபடி திறந்து, தாங்களே முறை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். 'நேஷனல் கோஸ்ட்வாட்ச் இன்ஸ்டிடியூஷன்' என்ற ஸ்தாபனம் அப்படிப் பிறந்ததுதான். இன்று அதற்கு 50-க்கு மேற்பட்ட நிலையங்கள். 2,000-க்கு மேற்பட்ட தொண்டர்கள். சம்பளம் கிடையாது. செலவெல்லாம் பெரும்பாலும் நன்கொடையில்தான் நடக்கிறது.

அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை, பென்ஷன் வாங்கும் தாத்தாக்களும் பாட்டிகளும் செய்வதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் அவர்களைப் பொழுதுபோகாமல் வந்து உட்கார்ந்தவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கடல் வரைபடம் பார்க்கவும், ரேடியோவில் பேசவும் பயிற்சி பெற்றுத் தேறிய பிறகே ஜன்னல் பக்கம் விடுகிறார்கள்.

இத்தனை கருவிகள் இருக்கும்போது கண் எதற்கு? ரேடியோ என்ன செய்யும்? கூப்பிட்டவன் குரலைக் கேட்கும். கூப்பிட முடியாதவனை என்ன செய்வது? காற்றடைத்த ரப்பர் மெத்தையில் மிதக்கும் குழந்தையிடம் ரேடியோ ஏது? கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்றடிக்கும் நாள்தான் மிக மோசம். குன்றின் மறைவில் கரையோரத் தண்ணீர் கண்ணாடி போல் இருக்கும். தாயார் நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள். மெத்தை கொஞ்சம் விலகிப் போயிற்றோ, காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

இன்னொன்று கேளுங்கள். மூழ்குகிறவர்கள் சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டி, "ஐயோ, காப்பாற்றுங்கள்!" என்று கத்துவது அபூர்வம். வாய் தண்ணீருக்குள் போய்ப் போய் வரும். மூச்சு விடவே நேரமிராது, கத்துவது எங்கே? கைகள் தாமாகவே தண்ணீரைக் கீழே அழுத்தும். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடச் சத்தம் கேட்காது. பழகிய கண்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடித்தால் இவர்கள் கடலில் குதிப்பதில்லை. உடனே கடலோரக் காவல் இலாகாவுக்குத் தகவல் சொல்வார்கள். அவர்கள் உயிர்காப்புப் படகையோ ஹெலிகாப்டரையோ அனுப்புவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இவர்களுடைய குறிப்புப் புத்தகம். எந்தச் சிறு படகு போனாலும் நேரம், நிறம், ஆட்கள், போன திசை எல்லாம் அதில் ஏறும். எதற்கு இந்தக் கணக்கு என்று தோன்றும். இருட்டிய பிறகு ஒரு பெண் போன் செய்து, "துடுப்புப் படகில் போன என் வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 'காலை 11.20, சிவப்புப் படகு, ஒருவர், மேற்கே' என்ற ஒரு வரி இருந்தால் போதும். எந்தப் பக்கம் தேடுவது என்று தெரிந்துவிடும்.

மூடுபனி இறங்கினால் கண்ணுக்கு வேலையில்லை. அன்றைக்கும் குடிலைப் பூட்டிக்கொண்டு போய்விடுவதில்லை. அபாய அழைப்பு வரும் 16-வது ரேடியோ சானலில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.