கரப்பானுக்குக் குடல் மாத்திரையா?
தேவனேரிக் குப்பத்தில் என் பேரனுக்கு இரண்டு முழங்கை மடிப்பிலும் கரப்பான். 'கரப்பான் பண்டம்' என்று கருவாட்டையும் கத்தரிக்காயையும் நிறுத்தினோம். கடலோரத்தில் மீன் இல்லாத சட்டி! பிறகு குடல் பாக்டீரியா மாத்திரைக்குக் காசைக் கொட்டினோம். அரிப்பு குறையவில்லை.

குடலுக்கும் தோலுக்கும் தொடர்பு உண்டுதான். பின்லாந்தில் ஒவ்வாமைப் பரம்பரை உள்ள கர்ப்பிணிகளுக்கும், பிறகு சிசுக்களுக்கும் நல்ல பாக்டீரியா கொடுத்தார்கள்; இரண்டு வயதில் கரப்பான் பாதியாகக் குறைந்திருந்ததாக 2001இல் அறிவித்தார்கள். ஆனால் வந்துவிட்ட கரப்பான் வேறு கதை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 39 ஆய்வுகளைத் திரட்டி 2018இல் தந்த அறிக்கை, அதற்கு இந்த பாக்டீரியாவால் அநேகமாகப் பலனில்லை என்கிறது.

பேரனைத் தேற்றியது குளித்த ஈரம் காயுமுன் தடவிய களிம்பும், செங்கல்பட்டுத் தோல் மருத்துவர் தந்த மருந்தும். தாய்மார்களே, குடலைப் பேண நினைத்தால் சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். அது குடலின் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். மீனை நிறுத்துமுன் மருத்துவரைக் கேளுங்கள்.