இசைக்கவை சொல்லும் சேதி



உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டிருப்பீர்கள். நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவை ஒன்று மருத்துவர்களிடமும் உண்டு. அவர்கள் அதை நீரிழிவு நோயாளியின் கால் கட்டைவிரல் எலும்பின்மேல் வைத்து, "அதிர்வு தெரிகிறதா?" என்று கேட்பார்கள். தெரியவில்லையென்றால், நரம்பு பழுதுபட்டிருக்கக்கூடும்.

என் பெரியப்பா செருப்பைத் துளைத்த ஆணியோடு ஒரு பகல் முழுவதும் நடந்தார். வலிக்கவே இல்லை! மாலையில் திண்ணையில் இரத்தக்கறையைப் பெரியம்மா பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. புண் புரையோடி இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. பல ஆண்டுகளாக இரத்தச் சர்க்கரையைத் தவறாமல் சோதித்து வந்தவர் அவர். ஆனால் அவருடைய பாதத்தை யாரும் தொட்டுச் சோதித்ததில்லை.

நரம்புக்கும் ஆக்சிஜனும் உணவும் வேண்டும். அவற்றை மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் கொண்டுவருகின்றன. நீரிழிவில் மிகுந்த சர்க்கரை நரம்பையும் தாக்குகிறது, இக்குழாய்களையும் கெடுக்கிறது. பாதம் வரை ஓடும் மிக நீளமான நரம்பிழைகளே பெரும்பாலும் முதலில் நலிகின்றன.

அப்படியானால், இதயத்துக்குத் தீங்கு செய்பவை நரம்புக்கும் தீங்கு செய்யுமா? 2005இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று, நரம்புப் பாதிப்பு இல்லாத முதல்வகை நீரிழிவு நோயாளிகள் 1172 பேரை ஏறத்தாழ ஏழாண்டுகள் கவனித்தது. அவர்களில் 276 பேருக்கு அப்பாதிப்பு ஏற்பட்டது. சர்க்கரையோடு உயர் இரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு, உடற்பருமன், புகைபிடித்தல் ஆகியவற்றுக்கும் இதில் தொடர்பு இருந்தது. இதயச் சுவர் விரிந்து திணறும்போது சுரக்கும் பி.என்.பி., இதயத்தசை சேதமடையும்போது கசியும் டிரோபோனின் போன்ற பொருள்களை இரத்தத்தில் அளந்து, நரம்புப் பாதிப்பை முன்னறிய முடியுமா என்றும் இன்று ஆராய்கிறார்கள்.

இம்முயற்சியை நான் வரவேற்கிறேன். ஆனால் இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பாரமானி இறங்கினால் மழை வரலாம். முற்றம் நனைந்ததா என்பதை எட்டிப் பார்த்தால்தான் தெரியும். இரத்தக் குறிப்பான் யாருக்கு ஆபத்து அதிகம் என்று சொல்லலாம். உணர்ச்சி குறைந்துவிட்டதா என்பதைப் பாதத்தில்தான் பார்க்க வேண்டும். புதிய சோதனைக்காகக் காத்திருந்து, கையிலுள்ள எளிய சோதனையைக் கைவிடுவது அறிவியல் ஆகாது.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. அவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதச் சோதனை நடக்க வேண்டும். ஓர் இசைக்கவையும், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையும் போதும். மின்சாரம்கூடத் தேவையில்லை. இவை இல்லாத ஆரம்ப சுகாதார நிலையமே இருக்கக்கூடாது என்பது என் கருத்து.

உங்கள் வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ நீரிழிவு இருக்கிறதா? தினமும் இரவில் அவர்களுடைய உள்ளங்காலில் புண் உண்டா என்று பாருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் துணைக்குப் போகும்போது, "பாதத்தையும் சோதியுங்கள், டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள்.