கறையானா? மருந்துக்கு முன் ஒரு பரிசோதனை!

நிலைக்கதவின் ஓரத்தில் பென்சில் கனத்துக்கு ஒரு மண் கோடு. பார்த்ததும் பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான். துடைப்பத்தால் தட்டிவிட்டு, கையில் கிடைத்த ஸ்ப்ரேயை அடித்து, கொஞ்சம் மண்ணெண்ணெயும் தடவிவிடுவார்கள். சில மாதங்களில் அடுத்த அறை பீரோவுக்குப் பின்னால் அதே கோடு முளைத்திருக்கும்.

அந்தக் கோடு கறையானின் வீடல்ல, பாதை. பெரும்பாலும் புற்று தரைக்கு அடியில் இருக்கும். வெளிச்சமும் வறண்ட காற்றும் ஆகாது என்பதால் மண்ணால் கூரை போட்டுக்கொண்டு மரத்தைத் தேடி வருகிறது. பாதையை இடித்தால் இன்னொன்று போடும். பரிசோதிக்க வருபவருக்கோ முக்கியமான தடயம் போய்விடும். எனவே தொடாமல் போட்டோ எடுத்து வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வருபவர் கையில் டார்ச்சும் ஸ்க்ரூட்ரைவரும் இருக்கிறதா என்று பாருங்கள். கூடத்தில் நின்றபடியே சதுர அடியைக் கேட்டு ரேட் சொல்பவர் பரிசோதிக்க வரவில்லை, வியாபாரம் பேச வந்திருக்கிறார். நல்ல ஆள் நிலையின் அடிப்பகுதியைத் தட்டிப் பார்ப்பார். உள்ளே அரித்திருந்தால் சத்தம் பொள்ளென்று கேட்கும். குளியலறையை ஒட்டிய சுவர், சிங்க்குக்குக் கீழே உள்ள கப்போர்டு, பரண், மீட்டர் பலகை, வெளியே பூந்தொட்டி வரிசை, மதிலோரம் சாத்திய பழைய பலகை என்று எல்லாவற்றையும் பார்ப்பார். ஈரம் எங்கே கசிகிறது என்று அவசியம் கேட்பார். மண் பாதையில் ஒரு துண்டை மட்டும் உடைத்துவிட்டு, ‘நாலு நாள் கழித்துப் பாருங்கள்’ என்றும் சொல்லலாம். மறுபடி மூடியிருந்தால் உள்ளே கறையான் நடமாட்டம் இருக்கிறது.

மரத்தில் குண்டூசித் துளைகளும் கீழே முகப் பவுடர் போன்ற தூளும் இருந்தால் அது மரத்தை உளுக்க வைக்கும் வண்டு. கசகசா போலக் குருணை உதிர்ந்தால், மண் தொடர்பே இல்லாமல் காய்ந்த மரத்துக்குள் வாழும் கறையான். இந்த இரண்டுக்கும் தரையைத் துளைத்து மருந்து விடுவது வீண் செலவு. பரிசோதனைக்குத் தனியாகப் பணம் கொடுத்தாலும் நஷ்டமில்லை என்பது இதனால்தான்.

மழை விட்ட மாலையில் தெருவிளக்கைச் சுற்றும் ஈசலுக்குப் பயப்பட வேண்டாம். பூட்டிய அறைக்குள், ஜன்னல் திண்டில் உதிர்ந்த இறகுகள் குவிந்து கிடந்தால் மட்டும் உடனே கவனியுங்கள். மூன்றாம் மாடி என்றாலும் விதிவிலக்கில்லை, பைப் போகும் வழியே அதற்குப் போதும்.

பழைய வீடு வாங்குபவர்கள் வில்லங்கச் சான்றிதழும் வக்கீல் கருத்தும் வாங்குகிறார்கள். கதவைத் தட்டிப் பார்ப்பதில்லை. நிலையின் கீழ் ஒரு அடிக்கு மட்டும் புது பெயின்ட் என்றால் சந்தேகப்படலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பரிசோதித்து, பாதிப்பை எழுத்தில் வாங்கினால் விலை பேசவும் உதவும்.

சிகிச்சை தேவை என்றால், தரையும் சுவரும் சேரும் இடத்தில் சுமார் ஒரு அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து செலுத்துவது வழக்கம். ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்கு இந்தியத் தர நிர்ணயமே (ஐ.எஸ். 6313, பகுதி 3) இருக்கிறது. பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968-ன் கீழ் உரிமம் உள்ளதா, மருந்தின் பெயர் என்ன, வாரன்டியில் மறுபடி வந்து அடிப்பது சேருமா என்று கேளுங்கள். கிணறோ தரைத்தொட்டியோ எங்கே இருக்கிறது என்று அவர் கேட்காவிட்டால் நீங்களே காட்டுங்கள். மருந்து குடிநீருக்குப் போய்விடக் கூடாது. டைல்ஸ் துளைகளை அடைக்க வெள்ளை சிமென்ட் யார் வாங்குவது என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.