சத்தமில்லாத பொட்டி என்ன பணக்காரன் சொத்தா?

"தறிச்சத்தத்துல பொறந்து வளந்தவங்க நாம, நமக்கு எதுக்குங்ணா சைலன்ட் கம்ப்யூட்டர்?"

சேலத்துல பொட்டி அசெம்பிள் பண்ற கடையில போயி "சத்தம் கம்மியா இருக்கணும்"னு கேட்டுப் பாருங்க. இந்த மாதிரி ஒரு பதில் வரும், கூடவே ஒரு நக்கல் சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதிவு.

தறி ஷெட்டுக்குள்ள சத்தம் 90 டெசிபெலைத் தாண்டும், ஒத்துக்கறேன். ஆனா அந்தச் சத்தம் துணி நெய்யுது, கூலி குடுக்குது (காதையும் பிடுங்கிக்குது, அது தனிக்கதை). கம்ப்யூட்டர் ஃபேன் போடுற சத்தம் எதைய்யா நெய்யுது? மட்டமான சாமானைத் தலையில கட்டினதுக்கு நாம தெனமும் கட்டுற வட்டி அது. அவ்ளோதான்.

எங்க கொண்டப்பநாயக்கன்பட்டி ஏற்காடு அடிவாரத்துல இருக்கு. ராத்திரி பத்து மணிக்கு மேல பஸ், லாரி எல்லாம் அடங்கிட்டா ஊரே கப்சிப். அந்த நேரத்துலதான் பொட்டியோட உண்மையான குரல் கேக்கும். 2000-ல வந்த ஒலி மாசு விதிகள்ல குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி வரம்பு 45 டெசிபெல். தூங்குற அறைக்குள்ள 30 டெசிபெல்னு உலக சுகாதார நிறுவனம் 1999-லயே சொல்லியாச்சு. நம்ம பக்கம் பாதி வீடுகள்ல படுக்கறதும் ஹாலுதான், கம்ப்யூட்டர் டேபிள் இருக்கறதும் அதே ஹாலுதான். எங்க தெருவுல ஒரு அக்கா ராத்திரி ஷிஃப்டுல ட்ரான்ஸ்கிரிப்ஷன் வேலை பாக்கறாங்க. நாலடி தள்ளி கைக்குழந்தை தூங்குது. இந்தப் பொட்டி போடுற இரைச்சலுக்கு மேல டாக்டர் பேசுறது கேக்கணும்னு ஹெட்போன் சவுண்டைக் கூட்டிக் கூட்டி, காலையில தலைவலியோட எந்திரிக்கறாங்க. இவங்க கேக்கறது சொகுசா?

அந்த அக்காவுக்குப் புதுப் பொட்டி வாங்க ஒரு கடையில குடுத்த கொட்டேஷனைப் பாத்தேன். கடை பேரெல்லாம் வேணாம், இது ஒரு கடையோட வியாதி இல்ல. ஐ3 12100எஃப் பிராசஸர். அதுக்கு ஒரு ஜிடி 710 கார்டு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட், "நாலு ஆர்ஜிபி ஃபேன் ஃப்ரீங்க்கா". "500 வாட்"னு ஸ்டிக்கர் ஒட்டின, பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ். டைப் அடிக்கறவங்களுக்கு எதுக்கு ராசா கல்யாண வீட்டு சீரியல் லைட்டு?

ஒண்ணொண்ணா பிரிச்சு மேயலாம்.

அந்த "எஃப்" எழுத்துதான் முதல் பொறி. எஃப் போட்ட இன்டெல் பிராசஸர்ல கிராபிக்ஸ் கிடையாது. அதனால தனியா கார்டு வாங்கியே ஆகணும். பிராசஸர்ல கொஞ்சம் மிச்சம் பிடிச்சுட்டு, 2016-ல வந்த கார்டுக்கு அதை விட அதிகமா அழுவாங்க. அந்தக் கார்டுல பல மாடல்ல குட்டி ஃபேன் ஒண்ணு கொசு மாதிரி "ங்ஙொய்ய்ய்"னு கத்திக்கிட்டே இருக்கும். எஃப் இல்லாத 12100 வாங்குங்க, இல்ல ஏஎம்டி 5600ஜி வாங்குங்க. ரெண்டுலயும் கிராபிக்ஸ் உள்ளயே இருக்கு. படம், டைப்பிங், போட்டோ வேலை, தமிழ் டிடிபி எல்லாத்துக்கும் தாராளம். கேம் ஆடறவங்க கதை வேற, அவங்க இந்தப் பதிவை விட்டு இப்பவே எழுந்து போகலாம் :-)

அடுத்து எஸ்எம்பிஎஸ். என்னைக் கேட்டா மொத்தப் பிரச்சினையிலயும் பாதி இங்கதான் இருக்கு, ஆனா இதைத்தான் யாரும் பாக்கறதே இல்ல. உள்ள இருக்கற சாமான்களுக்கு 100 வாட் தேவைன்னு வைங்க. 70 சதவீதம் திறனுள்ள மட்ட எஸ்எம்பிஎஸ் சுவத்துல இருந்து 143 வாட் இழுக்கும். மிச்சம் 43 வாட் அதுக்குள்ளயே சூடா நிக்கும். அந்தச் சூட்டைத் துரத்த அதோட ஃபேன் உயிரைக் குடுத்து ஓடும். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை வாங்கினது 20 சதவீத லோடுலயே 82, பாதி லோடுல 85 சதவீதம் தரணும். அப்ப அதே 100 வாட்டுக்கு சூடு 22 வாட் கிட்டதான். கிட்டத்தட்ட பாதி! பெரிய 120 மில்லிமீட்டர் ஃபேன் போட்டு மெதுவா ஓடினாலே போதும். நமக்கு 400, 450 வாட் பிரான்ஸே ஜாஸ்தி. வேற எதுல கஞ்சத்தனம் பண்ணினாலும் இதுல பண்ணாதீங்க.

அப்புறம் அந்த நாலு இலவச ஃபேன். பெரும்பாலும் மோலெக்ஸ் கனெக்டர்ல நேரா 12 வோல்ட்ல மாட்டுறது. அதாவது பொட்டி சும்மா இருந்தாலும் முழு வேகத்துல சுத்தும், குறைக்க வழியே இல்ல. எதிர்ல கண்ணாடி மூடியிருக்கு, காத்து எங்கிருந்து வரும்? சத்தம் மட்டும் வரும். காத்துக்கு ஜல்லடை முன்பக்கம் வெச்ச சாதா கேபினெட், மதர்போர்டுல சொருகுற நாலு பின் ஃபேன் ரெண்டு. போதும். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினா காத்து பாதியாகும், ஆனா சத்தம் சுமார் 15 டெசிபெல் இறங்கும். 10 டெசிபெல் குறைஞ்சாலே காதுக்குப் பாதியாயிட்ட மாதிரி இருக்கும். எவ்வளவு லாபம் பாருங்க.

"சேலம் வெயிலுக்கு நாலு ஃபேனாவது வேணுங்க்கா"ன்னு ஒரு பயமுறுத்தல் வேற. ஏப்ரல்ல 40 டிகிரி அடிக்கற ஊருதான், இல்லேங்கல. ஆனா எத்தனை ஃபேன் போட்டாலும் அறைச் சூட்டுக்குக் கீழ பொட்டி குளிராது. 12100-க்கு 100 டிகிரி வரைக்கும், 5600ஜிக்கு 95 வரைக்கும் கம்பெனியே அனுமதி குடுத்திருக்கு. 75ல ஓடினா ஒண்ணும் குடி முழுகாது. பயாஸ்குள்ள போயி, 65 டிகிரி வரைக்கும் ஃபேன் ஒரே மெது வேகத்துல இருக்கற மாதிரி வெச்சுடுங்க. இதுக்குப் பத்து பைசா செலவில்ல. ஏறி ஏறி இறங்குற சத்தம்தான் மனுசனைக் கொல்லும், ஒரே சீரா இருக்கற சத்தம் மறந்து போயிடும். சீலிங் ஃபேனுக்குக் கீழ தூங்கறோமே, அது எப்படி? 5600ஜியை 45 வாட்டுக்கு மட்டுப்படுத்தவும் வழியிருக்கு, மே மாசத்துக்கு ரொம்ப உதவும்.

ஹார்ட் டிஸ்க்? தூக்கிக் கடாசுங்க. 7200 ஆர்பிஎம்னா நொடிக்கு 120 சுத்து, தகர கேபினெட்டோட சேந்து தவில் வாசிக்கும். எஸ்எஸ்டி போடுங்க. பழைய டிஸ்க்கை யுஎஸ்பி டப்பாவுல வெச்சு பேக்கப்புக்கு மட்டும்.

கடைக்காரங்களைத் திட்டியாச்சு. அடுத்து எதிர்க்கோஷ்டி. "சைலன்ட் வேணுமா, நோக்டுவா போடு, வாட்டர் கூலிங் போடு"ன்னு இங்கிலீஷ் வீடியோ பாத்துட்டு அறிவுரை சொல்ற மகராசனுங்க. அந்த ஆஸ்திரியாக்காரன் ஃபேன் அருமைதான், மறுக்கல. ஆனா ஒத்த ஃபேன் காசுல நம்மூர்ல ஒரு கேபினெட்டே வாங்கலாம். வாட்டர் கூலர்ல பம்ப் சத்தம் தனி. சத்தத்தை அடக்கறதுக்குக் காசு போடறதை விட, சூடு வராம வாங்கறதுதான் மலிவு. "அமைதின்னா ஆடம்பரம்"னு கடைக்காரன் சொல்ற பொய்யையே இவங்களும் வேற பாஷையில சொல்றாங்க, அவ்ளோதான் வித்தியாசம்.

கையில காசு இன்னும் கம்மியா? 2025 கடைசியில ராம் விலை ஏறின ஏத்தத்துக்கு (ஏஐ டேட்டா சென்டருக்கே எல்லாம் போகுதாம், மைக்ரான் கம்பெனி க்ரூஷியல் கடையைச் சாத்தறேன்னு டிசம்பர்ல அறிவிச்சது) புதுசு வாங்கறதே யோசிக்க வேண்டிய விசயம். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சதுல ஆபீஸ்கள் கழிச்சுக் கட்டின குட்டிப் பொட்டிகள் செகண்ட் ஹேண்ட்ல கிடைக்குது. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி மினி மாதிரி. 35 வாட் "டி" பிராசஸர், ராம் உள்ளயே இருக்கும், எஸ்எம்பிஎஸ் பொட்டிக்கு வெளிய அடாப்டரா இருக்கும். எட்டாம் தலைமுறைன்னா விண்டோஸ் 11 ஓடும், அதுக்கு முந்தினதுன்னா லினக்ஸ் போட்டுக்குங்க. தூசி தட்டி, புது தெர்மல் பேஸ்ட் வெச்சா, ஓடுதா இல்லையான்னு லைட்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

அக்கா இப்ப அந்தக் கொட்டேஷனுக்குப் பின்னாடி பேனாவுல திருத்தி எழுதி வெச்சிருக்காங்க. எஃப் அடிச்சாச்சு, கார்டு அடிச்சாச்சு, கண்ணாடி அடிச்சாச்சு. மிச்சமான காசு எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் எஸ்எஸ்டிக்கும் போயிருக்கு, மொத்தம் பழைய தொகையைத் தாண்டல.

டிஸ்கி: கரண்ட் கட் கோஷ்டிக்கு ஒரு உபரி லாபம். 600 விஏ யூபிஎஸ்ல 140 வாட் பொட்டியை விட 60 வாட் பொட்டி ரெண்டு மடங்குக்கு மேல தாங்கும். 2012-ல நாள் பூரா இருட்டுல உக்காந்திருந்தவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல.