மில்லிங் முடிந்த உதிரிபாகம் சமதளமா? கேமரா சொல்வதை நம்பலாமா?

மில்லிங் முடிந்து வரும் ஜாப் மேடுபள்ளம் இல்லாமல் இருக்கிறதா என்பதை கேமராவே சொல்லிவிடும், டயல் கேஜோடு ஆள் நிற்க வேண்டாம். இப்படிச் சொல்லித்தான் விஷன் சிஸ்டம்கள் விற்கப்படுகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர், திருமழிசை எனத் திருவள்ளூர் மாவட்டத் தொழிற்பேட்டைகளில் பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு நிறுவனங்களுக்கு இது லட்சக்கணக்கில் பணம் போடும் முடிவு. கேமராவால் அது முடியுமா?

முதலில், ஃபிளாட்னஸ் என்றால் என்ன? இரண்டு இணையான தளங்களுக்கு நடுவே ஒரு பரப்பு முழுவதும் அடங்க வேண்டும். அந்தத் தளங்களின் இடைவெளிதான் ஃபிளாட்னஸ். டிராயிங்கில் 0.05 மி.மீ. என்று இருந்தால் 50 மைக்ரான். தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். கேஸ்கெட் உட்காரும் முகத்தில் இது தவறினால் ஆயில் கசியும்.

கேமராவுக்கு எங்கே சிக்கல்?

மேலிருந்து பார்க்கும் சாதாரண கேமரா நீளம், அகலம், துளையின் விட்டம் எல்லாம் சொல்லும். உயரம் அதற்குத் தெரியாது. அதனால் லேசர் கோட்டையோ ஒளிப்பட்டைகளையோ பரப்பின் மேல் பாய்ச்சி, அவை வளைவதை வைத்து உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் மில்லிங் செய்த உலோகம் கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அடிக்கும். ஒட்டியிருக்கும் கூலன்ட் துளியும் பிசிறும் மேடாகப் பதிவாகும். பளபளப்பை மறைக்க வெள்ளை ஸ்பிரே அடிக்கலாமே என்றால், அந்த ஸ்பிரேக்கே சில மைக்ரான் தடிமன் உண்டு!

50 மைக்ரானை அளக்கும் கருவி 5 மைக்ரானாவது சரியாகச் சொல்ல வேண்டும் என்பது தொழிலில் பழைய கணக்கு. கேமரா ஒரே பார்வையில் பார்க்கும் பரப்பு பெரிதாக ஆக, உயரத் துல்லியம் குறையும்.

சூடும் ஒரு காரணம். ஜாப் முழுக்க ஒரே மாதிரி சூடானால் அளவு கூடும், தளம் கோணாது. ஒரு பக்கம் மட்டும் சூடாக இருந்தால் வளையும். கிளாம்ப் இறுக்கத்தில் சமமாகத் தெரிந்த ஜாப், கழற்றியதும் வில்லாகிவிடுவதும் நடக்கும்.

அப்போ பழைய முறையே போதுமா?

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜாப்பை சர்ஃபேஸ் பிளேட்டில் அப்படியே வைத்து மேலே டயல் ஓட்டினால், கிடைப்பது அடிப்பக்கத்துக்கு மேல்பக்கம் எவ்வளவு இணை என்பதுதான். மூன்று ஜாக்கி வைத்து மட்டம் பிடித்த பிறகு ஓட்டினால்தான் அது ஃபிளாட்னஸ்.

வார்ப்பில் அரை மில்லிமீட்டர் கோணலைப் பிடிக்கவும், லைனில் ஒரு ஜாப் விடாமல் சலிக்கவும் கேமரா நன்றாகவே உதவும். நுண்ணிய அளவுக்கு சி.எம்.எம். சாம்பிள் சோதனை தேவை. தவறான ஓ.கே. போனால் முழு லாட்டும் திரும்பி வரும். தவறான ரிஜெக்ட் விழுந்தால் நல்ல ஜாப் ஸ்கிராப்புக்குப் போகும்.

வாங்கும் முன் 10 ஜாப்பை 3 பேர் 3 தடவை அளந்து பார்க்கும் சோதனையைக் கேட்கலாம். மாறுபாடு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 30-ஐத் தாண்டினால் கருவி வேண்டாம். டெமோவுக்கு விற்பவர் கொண்டுவரும் துடைத்த சாம்பிள் போதாது, உங்கள் பட்டறையில் எண்ணெயோடு வரும் ஜாப்பையே வைக்கச் சொல்லுங்கள்.