மலையுச்சியில் ஒரு காவல்



"மிஸ், முப்பது வருஷமா மலையிலதான் நிக்கிறேன். ஆனா ஒருநாளும் மலைய பார்க்கன்னு போனதில்ல." எங்கள் மாதர் குழுவில் மூத்த அக்கா ஒருவர் இப்படிச் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எனக்கு அது மனதில் தங்கிவிட்டது. 2025 பெப்ரவரி போயா தினத்தன்று, வான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அற்றன் பக்கமிருந்து பதினான்கு பேர் அப்புத்தளைக்குப் புறப்பட்டோம்.

நாங்கள் போனது லிப்டன் சீட் என்று எல்லோரும் அறிந்த பார்வை முனைக்கு. தம்பேதன்னை ஸ்டோர் வரை வானில் போய், அங்கிருந்து ஏழு கிலோமீற்றர் அளவு நடக்க வேண்டும். பாதை முழுவதும் தேயிலை மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறுகிறது. பத்து மணிக்குப் பிறகு மூடுபனி வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பதால் விடியற்காலையிலேயே நடக்கத் தொடங்கினோம். என்னைப் போன்ற மேசை வேலைக்காரிக்கு மூச்சு வாங்கியது. அக்காமாரோ கதைத்துக்கொண்டே ஏறினார்கள். முதுகில் கூடை இல்லாததால் கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை என்றார் ஒருவர்.

உச்சி 1,900 மீற்றருக்கும் மேல். அங்கே ஓர் இருக்கையில் தோமஸ் லிப்டன் துரையின் சிலை அமர்ந்திருக்கிறது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் மளிகைக் கடை வைத்து முன்னேறிய அவர், 1890இல் இலங்கைக்கு வந்தார். 1869இல் பரவத் தொடங்கிய இலை நோயால் கோப்பி அழிந்து, தோட்டங்கள் மலிவாக விலைபோன காலம் அது. தம்பேதன்னை உட்பட பல தோட்டங்களை அவர் வாங்கினார். இந்த உச்சியில் அமர்ந்துதான் தன் தோட்டங்களைப் பார்வையிடுவாராம்.

"துரை இங்க உக்காந்து நம்மளத்தான பார்த்திருப்பாரு" என்றார் மூத்த அக்கா. எல்லோரும் சிரித்தோம். பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

எனக்கு அப்போது வேறொரு பெண்ணின் நினைவு வந்தது. அமெரிக்காவில் காட்டுத்தீயை முன்கூட்டியே கண்டறிய மலையுச்சிகளில் காவல் குடில்கள் அமைத்திருந்தார்கள். 1913இல் கலிபோர்னியாவின் கிளமத் வனப்பகுதியில் அப்படி ஒரு குடிலுக்கு ஹாலி டாகெட் என்ற பெண்ணை நியமித்தார்கள். அந்நாட்டு வனச் சேவையில் தீக்காவல் பணிக்கு அமர்த்தப்பட்ட முதல் பெண் அவர்தான். தனியாக உச்சியில் இருந்து, புகை தெரிந்ததும் தொலைபேசியில் கீழே அறிவிப்பது அவர் வேலை.

இதைச் சொன்னதும் ஓர் இளம் சகோதரி கேட்டார்: "அப்ப நம்மள யாரு மிஸ் பார்த்துக்கிறது?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நாங்கள் நின்ற மலையின் தெற்குச் சரிவில்தான் கொஸ்லாந்தை மீரியபெத்தை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் அங்கே மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் அந்த லயன்களிலேயே இருந்தார்கள். போவதற்கு வேறு வீடும் காணியும் இல்லாதபோது எச்சரிக்கை மட்டும் என்ன செய்யும்?

அன்று உச்சியில் ரொட்டியும் தேத்தண்ணியும் சாப்பிட்டபடியே ஒரு முடிவு எடுத்தோம். எங்கள் லயத்துக்கு நாங்களே காவல் இருப்பது. ஊருக்குத் திரும்பியதும் நேரான பக்கமும் தட்டையான அடியும் உள்ள தகரப் பேணி ஒன்றை, மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வைத்தோம். மழை நாட்களில் காலையில் அடிக்கோலால் அளந்து கொப்பியில் எழுதுவது இருவரின் பொறுப்பு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இரவில் எங்கள் பேணியில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. தமிழில் அறிவித்தல் வந்து சேரும்வரை அக்காமார் காத்திருக்கவில்லை. பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போய்விட்டார்கள். தொங்கக் காம்பராவின் பின்சுவர் விடியும்போது விழுந்து கிடந்தது. உள்ளே யாரும் இருக்கவில்லை.

சகோதரிகளே, இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 ஆனால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐ எட்டினால் உடனே வெளியேற வேண்டும். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் அல்லது வற்றிப்போகும் ஊற்று, இறுகிப்போகும் கதவு ஆகியவற்றைக் கண்டால் அளவை எதிர்பார்க்காமல் இறங்கிவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

பாதுகாப்பான காணியும் வீடும் கேட்பதை நாம் நிறுத்தக்கூடாது. அது நமது உரிமை. பேணி அந்த உரிமைக்கு ஈடாகாது. அது கிடைக்கும்வரை உயிரோடு இருப்பதற்குத்தான் இந்தக் காவல்.

இந்த வருடமும் ஒரு மலை ஏற வேண்டும் என்று மூத்த அக்கா கேட்டிருக்கிறார். கூடை இல்லாமல்தான்.