போர்முனையிலிருந்து திரும்பிய தந்தையர்

நவம்பர் மரித்தோரின் மாதம். கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரிகளுடன் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லும் நம் குடும்பத்தினர், அங்கு துயிலும் முன்னாள் படைவீரர்களின் சிலுவைகளுக்கு முன்பும் சற்று நிற்பது நன்று.

போர்க்களத்தில் உயிர் ஈந்தவரை வரலாறு மறப்பதில்லை. காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடியின்மீது பாய்ந்து, தோழர்களைக் காத்துத் தாம் மாண்டார். ஜார்ஜ் சிலுவை விருது அவர் பெயரை இன்றும் நிலைநிறுத்துகிறது. ஆனால் உயிரோடு திரும்பி, பிள்ளைகளை ஆளாக்கி, பேரக் குழந்தைகளைக் கண்டு, முதுமையில் கண்மூடியவருக்கு நடுகல் ஏது? அவர் நினைவைக் காக்கும் கடமை வீட்டாருடையதே.

1962 சீனப் போருக்குப் பின் நம் இராணுவம் விரிவாக்கப்பட்டது. அப்பொழுது பதினெட்டு வயதில் சேர்ந்தவர் இன்று எண்பதைக் கடந்தவர். வானம் பார்த்த திண்டுக்கல் சமவெளியில் மழைக்கு ஏங்கிய இளைஞர், வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி பெற்று இமயத்தின் பனியில் காவல் நின்றார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1971 போர் டிசம்பர் 3 முதல் 16 வரை நடந்தது. வீட்டாரின் பிரிவோ ஆண்டுக்கணக்கில் நீண்டது. மணியார்டரையும் கடிதத்தையும் எதிர்நோக்கி, வயலையும் பிள்ளைகளையும் மாமன் மாமியாரையும் தனியே பேணிய மனைவியும் ஒரு போர்முனையில்தான் நின்றாள். அவளுக்குப் பதக்கமில்லை. விடுமுறையில் வந்த தந்தையை அடையாளம் தெரியாமல் அன்னையின் முந்தானைக்குள் மறைந்த குழந்தைகளும் உண்டு.

பதினைந்து ஆண்டுப் பணி முடிந்தால் வீரருக்கு ஓய்வூதியம் உண்டு. எனவே நாற்பது வயதுக்குள் ஊர் திரும்பியோர் பலர். அதன் பின்னரே அவர்கள் தந்தையாக வாழக் கற்றனர். வீட்டையும் பாசறைபோல் நடத்துகிறார் என்று பிள்ளைகள் முணுமுணுத்திருக்கலாம். உடன் உண்டவன் அருகிலேயே வீழ்ந்ததைக் கண்டவர் பேசாத சொற்கள் எத்தனையோ!

அன்புக் குடும்பங்களே, உங்கள் இல்லத்தில் அத்தகைய பெரியவர் இருப்பின் இன்றே அருகில் அமருங்கள். எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு, புகைப்படத்தில் உடன் நிற்பவர் யார் என்று கேட்டு எழுதிவையுங்கள். ஓய்வூதியர் பலர் உயிர்ச்சான்று அளிப்பதும் இம்மாதத்தில்தான். அப்பொழுது ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயர் சரியாக உள்ளதா என்றும் பாருங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று என்றிருப்பதால், கணவனை இழந்த பெண்கள் குடும்ப ஓய்வூதியத்திற்கு அலைய நேரிடுகிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகி முன்னதாகவே திருத்திக்கொள்வது அறிவுடைமை.

நற்கருணை உட்கொள்ளுமுன் நாம் சொல்லும் தாழ்மையான மன்றாட்டு, நூற்றுவர் தலைவனாகிய ஒரு படைவீரனின் சொற்களிலிருந்து எழுந்ததே. அவன் ஆண்டவரிடம் வெற்றியை வேண்டவில்லை. தன் வீட்டில் நோயுற்றுக் கிடந்த பணியாளனுக்காகவே வேண்டினான். இம்மாதத் திருப்பலிகளில் அச்சொற்களைச் சொல்லும்போது, நம் வீடுகளின் படைவீரர்களையும், அவர்களுக்காகக் காத்திருந்த அன்னையரையும் இறைவனிடம் ஒப்படைப்போம்.